மடைப்பலகை

அப்பாவின் நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பு மண் போகவே மாட்டேன் என்றது. மகன் மூன்றாவது தடவையாகத் துணியை நனைத்துத் துடைத்தான்.

"விடுடா. அவரு மண்ணு, அவரோடயே போகட்டும்," என்றாள் அம்மா. உடனே குரல் ஏறியது. "மடைப்பலகைய உருவினவன் நல்லா இருப்பானா? அந்தச் சோளக்காரன் கை வெளங்குமா?"

சோளக்காரர் பக்கத்து நிலத்துக்காரர். அப்பா வைத்த பட்டப்பெயர். இருபது வருஷச் சண்டை. அவர் தண்ணீரை வடியவிட்டுச் சோளம் போட்டார். அப்பா தண்ணீரை நிறுத்தி நாணல் வளர்த்தார்.

"வேரும் இலையும் மக்கின மண்ணுய்யா இது. காஞ்சா தரையே இறங்கிடும், பத்திக்கிட்டு எரியும். ஈரத்துலயே வெச்சுப் பொழைக்கக் கத்துக்க," என்பார் அப்பா.

"தவளை வளர்க்கிறவன் பேச்செல்லாம் கேக்க வேண்டியிருக்கு," என்பார் சோளக்காரர்.

இன்று காலை மடையில் தண்ணீரைத் தடுக்கும் பலகை இல்லை. தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. அப்பா வெறுங்கையால் சேற்றை அள்ளி அடைத்திருக்கிறார். பாதி அடைத்தபோது இதயம் நின்றுவிட்டது.

உருவியவன் மகன்தான். நேற்றுச் சாயங்காலம் டவுனுக்குக் கிளம்பும்போது புதுக் கார் மடையருகே சேற்றில் சிக்கியது. கூப்பிட்டால் அப்பா சிரிப்பாரே என்று, கைக்கு எட்டிய பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தான். வழியில் இன்னொரு சேறு இருந்தது, அதற்கும் வேண்டுமே என்று டிக்கியில் போட்டான். ரோடு ஏறியதும் போன் வந்தது. அப்புறம் ஞாபகமே இல்லை. ஒரு சிரிப்புக்குப் பயந்த கதையை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலுக்கு வந்தான். காரருகே சோளக்காரர், தொடைவரை சேறு.

"வேற பலகை அறுத்துப் போட்டுட்டேன் தம்பி. அவரு போற அன்னிக்கு நாணல் காயக் கூடாது. உக்கார நாற்காலி பத்தலையாமே, எங்க வீட்டுல இருக்கு. இதுல எத்தனை புடிக்கும்?" என்று அவரே டிக்கியைத் திறந்தார்.

பலகை கிடந்தது. தண்ணீர் மட்டத்துக்கு அப்பா கத்தியால் கீறிய கோடு அதில் தெளிவாக இருந்தது.

சோளக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். சத்தமில்லாமல் மூடினார்.

"நாற்காலிய நான் தோள்லயே கொண்டாறேன். நீ உள்ள போ தம்பி."

"அந்தக் கொலைகாரன் இன்னும் வாசல்லதான் நிக்கிறானா?" என்று உள்ளிருந்து அம்மா கத்தினாள்.

"போயிட்டேம்மா," என்று அவர் தலைகுனிந்து நடந்தார்.

"இருங்க," என்றான் மகன். டிக்கியை மறுபடி திறந்து, பலகையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனான். காய்ந்த மண் வீடு நெடுக உதிர்ந்தது.