கதவடியில் ஒரு வெள்ளி இதயம்

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கொராதோவுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்களாம். என் தங்கை டெல்ஃபினாவுக்கு அவன் ஒரே பிள்ளை. அவளிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு வாய் வருமா? காற்றாட நடந்துவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், போ என்கிற ஆற்றின் கரையிலுள்ள பூங்காவுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

பூங்காவுக்குள் பழங்காலக் கிராமம் மாதிரியே ஒரு போலிக் கிராமம். என்றைக்கோ கண்காட்சிக்காகக் கட்டியது. தூக்குப்பாலத்தில் போர்வீரன் வேஷத்துக்கு இரும்புச் சட்டை மாட்டிய ஒருத்தன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே கூச்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழக்கூட ஓர் இடம் கிடையாதா இந்த டூரினில்?

டெல்ஃபினா நேராக அங்கிருந்த மாதா கோவில் முன்னால் போய் நின்றாள். அது வெறும் முகப்பு. உள்ளே பீடமும் இல்லை, மாதாவும் இல்லை. மலையூர்க்காரி, நிஜம் என்று நம்பிவிட்டாளே என்று நினைத்தேன். அவள் சிலுவை போடவில்லை. கைப்பையைத் திறந்து, தகட்டில் செய்த ஒரு வெள்ளி இதயத்தை எடுத்தாள். எங்கள் ஊரில் வேண்டுதல் பலித்தவர்கள்தான் அதை மாதா கோவில் சுவரில் மாட்டுவார்கள். பலிப்பதற்கு முன்னால் யாரும் வாங்கக்கூட மாட்டார்கள். இவளோ மகன் படுத்த வாரமே வாங்கி வைத்திருக்கிறாள்.

குனிந்து, அதைக் கதவுக்கு அடியில் தள்ளப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏய், இது நிஜக் கோவில் இல்லடி."

"தெரியும்க்கா. போன வருஷம் கொராதோதான் கூட்டிட்டு வந்து காட்டினான். உள்ள சாமியே இல்லம்மான்னு ஒரே சிரிப்பு."

"அப்புறம் ஏன்டி இங்க போடுற?"

"வேற எங்க போட? நம்ம ஊர்ல மாட்டணும்னா கேட்டது கிடைச்சிருக்கணும். வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக முடியாது." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "டாக்டர் ரூம்லேருந்து நீ வெளிய வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. வாயால சொல்லிடாத."

நான் கையை விட்டேன். இதயம் பாதி போய்க் கதவடியில் சிக்கிக்கொண்டது. அவளுக்குப் பலம் போதவில்லை. நானும் மண்டியிட்டு, இரண்டு பேருமாகத் தள்ளினோம்.