வரி ஏறிய மாதம்

மதுவுக்கு வரி ஏறப்போகிறது என்ற செய்தி காலையில் வந்தது. மதியத்துக்குள் மொத்த வியாபாரியின் ஆள் மதுக்கடைக்கு வந்துவிட்டான்.

“பழைய விலைக்கு நூறு பெட்டி முழு பாட்டில் இருக்கு. இப்ப விட்டா கிடைக்காது.”

கொழுந்தன் சரி என்று தலையாட்டப் போனான். அண்ணன் இறந்த பிறகு கடையை அவனும் அண்ணியும்தான் நடத்துகிறார்கள்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி,” என்றாள் அண்ணி. “எதிர்ல செருப்பு ஃபேக்டரில ரெண்டாவது ஷிஃப்டை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. ஓவர்டைமும் இல்ல. முழுசு யாரு வாங்குவா?”

“குடிக்கிறவன் விலை பார்ப்பானா அண்ணி?”

“பார்ப்பான். குடியை விடமாட்டான், ஒரு படி இறங்குவான். முழுசு வாங்கினவன் பாதி கேப்பான், பாதி வாங்கினவன் கால் கேப்பான்.” மேல் தட்டில் நின்ற முழு பாட்டில் ஒன்றின் தோளில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அவ்வளவு தூசி.

கால் பாட்டில் அறுபது பெட்டி சொன்னாள், பீர் முப்பது. முழு பாட்டில் பத்தே பத்து. “அது மேனேஜருங்களுக்கு. அவங்க சம்பளம் குறையல.”

வந்தவன் சிரித்துக்கொண்டே மீதி முழு பாட்டில்களைத் தெரு முக்கில் இருந்த இன்னொரு மதுக்கடையில் இறக்கினான்.

வரி வந்தது. முதல் வாரம் ஈ ஓட்டினார்கள். கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

“அவங்கவங்க வீட்டுல வாங்கி வச்சது தீரட்டும்,” என்றாள் அவள், கல்லாவைத் துடைத்தபடி.

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வரிசை வாசலைத் தாண்டியது. “கால் இருக்கா அக்கா?” ஆளுக்கு ஆள் அதே கேள்வி. மறுநாள் முக்குக் கடைக்காரரே வந்து நின்றார். முழு பாட்டிலுக்குப் பதிலாகக் கால் பாட்டில் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“முழுசு வேண்டாம்ணே. காசுக்குன்னா பத்துப் பெட்டி தர்றேன்.”

அவர் காசை வைத்தார். கொழுந்தன் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தான்.

அன்று மாலை ஃபேக்டரியின் தையல் மெஷின் மெக்கானிக் வந்து ஒரே ஒரு சோடா கேட்டார். தினமும் பாதி பாட்டில் வாங்கும் ஆள்.

“விலையைப் பார்த்தேன், விட்டுட்டேன். பதினோரு நாள் ஆச்சு,” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

“அண்ணி, இவர் படி இறங்கலையே, மாடியை விட்டே போயிட்டாரு!” என்றான் கொழுந்தன்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். “நான் தப்பாக் கணக்குப் போட்டது இது ஒண்ணுதான். போகட்டும், நல்ல தப்பு.” இருப்பதிலேயே குளிர்ந்த சோடாவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு அடுத்த ஆர்டரில் சோடா இருபது பெட்டி என்று எழுதினாள்.