மிளகாய்க்குக் கிடைத்த புள்ளி

பிள்ளைச்சாவடி சாலையோரக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே செல்போன் செயலி வைத்திருந்தார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் புள்ளி கிடைக்கும். அதை எந்தக் கடையிலும் செலவழிக்கலாம். அன்னக்கிளியின் மீன் வறுவலைத் தின்று புள்ளி சேர்த்தவர்கள், நேரே எதிரிலிருந்த நிர்மலாவின் ஜூஸ் கடையில் போய்க் கரைத்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அன்னக்கிளிக்கு வயிறு எரிந்தது.

“உன் காரத்துல நாக்கு எரியறவன்தான் அங்க ஓடறான்” என்றான் கணவன் சுப்ரமணி. மறுநாளே அவள் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தாள்.

சாயங்காலம் நிர்மலா வந்து நின்றாள். “மசாலாவ மாத்திட்டியாக்கா? நான் கடையில ஈ ஓட்டறேன்.”

“அப்ப உன் கூட்டம் என் மொளகாயாலதான்னு ஒத்துக்கிறியா?”

“ஊருக்கே தெரியும்க்கா.”

அன்னக்கிளி மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தாள். “இத நாளைக்கு உன் கடையில கூட்டம் நிக்கறப்ப சத்தமா சொல்லு.”