வேக்டெயிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை

ஹாரிச் துறைமுகத்தில் நாசகாரிக் கப்பல்காரனுக்கு நீண்ட லீவு வேண்டுமென்றால், கப்பல் எதிலாவது முட்ட வேண்டும். முகப்பு நசுங்கினால் பழுதுபார்க்கப் போகும். ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். மூடுபனியில் விளக்கில்லாமல் ஓடும் கப்பல்களுக்கு முட்டுவதா கஷ்டம்? எங்கள் 'வேக்டெயில்' மட்டும் சண்டைக் காலம் முழுக்க எதையும் உரசவில்லை. எல்லாம் கேப்டன் வின்யார்டின் கைங்கரியம். பெயிண்ட் போய்விடுமாம்!

பாய்லர் கழுவும்போது மற்றவர்களுக்குக் குட்டி லீவு உண்டு. கழுவுவது என்னைப் போல அடுப்புக்குக் கரி தள்ளுகிறவன்.

எங்கள் ஊரான கார்ன்வாலில், எனக்கும் என் காதலி லவ்டேக்கும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்று மாதத்துக்குள் கல்யாண மோதிரம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஓலை செல்லாது. லீவு கிடைக்கவில்லை, செல்லாமல் போனது. மறுபடி வாசித்தார்கள். அதுவும் போனது.

ஒருநாள் பனியில் ஒரு கப்பல் நேராக எங்கள்மேல் வந்தது. அடுப்படியில் எல்லோரும் ஆசையோடு காத்திருந்தோம். வின்யார்ட் சட்டென்று விலகிவிட்டார். அது பின்னால் வந்த கப்பலில் போய் முட்டியது. அந்தப் பாவிகள் லீவில் போகும்போது எங்களுக்குக் கை வேறு காட்டினார்கள்.

"வேற கேப்டனா இருந்தா, இந்நேரம் நீ புள்ளகுட்டிக்காரன்டா ஜோரி" என்றான் கூட்டாளி பென்.

மூன்றாவது ஓலையும் முடியப்போகும் வாரம். துறைக்குள் நுழையும்போது மேல்தளத்துக்கு வந்து பார்க்கிறேன்: கரையில், காவல்காரனைத் தள்ளிவிட்டு, கல்யாணத் தொப்பியோடு லவ்டே நிற்கிறாள்.

"யோவ் கேப்டன்! மூணு தடவ ஓலை வாசிச்சாச்சு. ஊரே சிரிக்குது! எம் மாப்பிள்ளைய விடப் போறீரா, இல்லியா?"

"அம்மா, தள்ளி நில்லுங்க! கப்பல் வருது!" என்று கத்தினார் வின்யார்ட்.

"வரட்டுமே! மூணு வருசமா இதத்தானே சொல்றீங்க!"

வின்யார்டுக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் சொல்ல அவள் பக்கம் திரும்பினார். பின்னுக்கு இழுக்கச் சொல்லும் கட்டளை வாயிலேயே நின்றுவிட்டது. கப்பல் கல்சுவரில் போய் மடாரென்று மோதியது.

கீழே அடுப்படியிலிருந்து ஒரே ஆரவாரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வின்யார்ட் தொங்கிய முகத்தோடு குனிந்து முகப்பைப் பார்த்தார். லவ்டேயும் கரையில் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் நசுங்கியிருக்கு. சரிபண்ண எவ்ளோ நாளாகும்?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குத் தாராளமாப் போதும். கூட்டிட்டுப் போய்த் தொலைம்மா!"