முப்பது நாள் நோட்டீஸ்

லொரேன் நாலு வருஷமாகப் புருஷனிடம் ஒரே ஒரு பொய்யைத்தான் சொல்லிவந்தாள். அது இப்படி வந்து விடியும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், கிளைவ் டிவியில் கால்பந்து பார்க்கிற நேரத்தில் அவள் போன் அடிக்கும். திரையில் நம்பர் தெரியாது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நாலு நிமிஷம் பேசிவிட்டு வருவாள்.

"யாரு?" என்பான் கிளைவ்.

"அதே கும்பல்தான். உங்களுக்கு ஆக்சிடென்ட் ஆச்சா, நஷ்டஈடு வாங்கித் தர்றோம்னு உயிரை வாங்குறானுங்க."

அவர்கள் இருக்கிற இங்கிலாந்துத் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் அந்த மாதிரி போன் வராத வீடே கிடையாது. கிளைவ் நம்பினான்.

பேசியது நேதன். பெற்ற பிள்ளை. குடித்துவிட்டு அப்பாவின் வேனை எடுத்துப்போய் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு மனுஷனின் காலை முறித்தவன். கிளைவ்தான் போலீஸைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொடுத்தான். ஜெயிலிலிருந்து வந்த நேதன் ஊரைவிட்டே போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, தன் நம்பரையும் தரவில்லை. "உன்கிட்ட இருந்தா அந்தாளு கைக்குப் போயிடும்மா" என்பான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் நம்பர் ஒன்றுதான். வீட்டிலோ அவன் பேரையே எடுக்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமை, வேலை பார்க்கிற மீன் ஆலையில் டீ குடிக்கும்போது அவளுக்குப் போன் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. "நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம். உங்கள் முப்பது நாள் நோட்டீஸ் சனிக்கிழமை, பதினாலாம் தேதி காலையோடு முடிகிறது. விலகுவதற்குக் கட்டணம் இல்லை." அவள் எந்த நோட்டீஸும் கொடுக்கவில்லை. மறுநாளே போன் கடைக்கு ஓடினாள்.

கவுண்டரில் இருந்த பெதனி என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர்தான் நோட்டீஸ் கொடுத்திருக்காரும்மா. ரெண்டு போனும் அவர் பேர்ல இருக்கு."

"நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"அவர்தான் வாங்கணும். இல்லன்னா, அதே நம்பரை வேற கம்பெனிக்குக் கொண்டுபோறேன்னு அவரே ஒரு மெசேஜ் அனுப்பணும். ஒரு நிமிஷ வேலை. ரெண்டும் பண்ணலேன்னா பதினாலாம் தேதி காலையோட நம்பர் போயிடும்."

"இருபது வருஷமா நான் பேசுற நம்பர்மா அது."

"பேசுறது நீங்க. நம்பர் அவரோடது."

அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன பண்ண? கல்யாணமான புதிதிலிருந்து கேஸ், கரன்ட், தண்ணி, போன் எல்லாமே கிளைவ் பேரில்தான். தன் பேரில் ஒன்றாவது இருக்கட்டும் என்று லொரேனுக்குத் தோன்றியதே இல்லை. மடத்தனம், வேறென்ன.

வீட்டில் மேஜைமேல் புதுப் போன் ஒன்று டப்பாவோடு இருந்தது. கிளைவ் முகமெல்லாம் சிரிப்பாக டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான். புது நம்பர். அந்த நஷ்டஈட்டுப் பசங்க தொல்லை இனிமே இல்ல. நடுவுல விலகினா இருநூறு பவுண்டு தண்டம்னானுங்க. நானா கட்டுவேன்? கான்ட்ராக்ட் முடியுற வரைக்கும் காத்திருந்து, மறுநாளே நோட்டீஸ் கொடுத்தேன். பழைய நம்பரை வெச்சுக்கறீங்களான்னு கேட்டாங்க. அந்தச் சனியன்தான் வேண்டாம்னேன்."

அடப்பாவி மனுஷா, முப்பது வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டிமேல் கரிசனம் காட்ட உனக்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

லொரேன் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். கிளைவ் கத்துவான் என்று பயந்தாள். அவன் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தான்.

"எந்த நம்பருக்கு அனுப்பணும்?"

பெதனி எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அனுப்பப் போனவன் நிறுத்தினான்.

"நாலு வருஷம் பேசியிருக்கான். என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

ஆமா, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டான். இவ்வளவு சொன்னால் போதும். நாலு வருஷம் நாக்கு கூசாமல் புளுகியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் கிளைவ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்து அவளால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல கிளைவ். ஒரு தடவைகூடக் கேட்கல."

அவன் தலையை ஆட்டினான். தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தான். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அவனுக்கு அம்மா வேணும்னா வீடு தேடி வரட்டும். வழி தெரியும்ல?"

"வரமாட்டான். உனக்கே தெரியும்."

"டீ ஆறுது, குடி."

வியாழன் கெஞ்சினாள். வெள்ளி அழுதாள். கிளைவ் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தான். அவனுக்கும் வலி இல்லாமல் இல்லை, ஆனால் அந்த வலியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான் பாவி.

சனிக்கிழமை காலையிலேயே போனில் சிக்னல் போய்விட்டது. மத்தியானம் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு லொரேன் அதைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ ஒரு ஊரில் நேதன் இப்போது போட்டுப் பார்ப்பான். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். அம்மாவும் அந்தாளு பக்கம் போய்விட்டாள் என்றுதான் அவன் நினைப்பான். அப்படி இல்லடா என்று சொல்ல அவளிடம் ஒரு வழியும் இல்லை.