நெஞ்சில் போட்ட கோடு

எதிரே யார் வந்தாலும் தையற்காரரின் கண் முதலில் தோள்பட்டைக்குத்தான் போகும். முகமெல்லாம் அதற்குப் பிறகு. அப்பேர்ப்பட்டவரின் நெஞ்சிலேயே இன்னொருவர் கோடு போட்டால் சும்மா இருப்பாரா?

அவருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி. இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை அது கெட்டியாகப் பிடித்திருந்தது.

"இப்பவே கத்தி வெச்சா முழுசா எடுக்க முடியாது. மொதல்ல கதிர்வீச்சு குடுப்போம். கட்டி சுருங்கி, குழாயை விட்டு வெலகிச்சுன்னா எடுத்துடலாம்," என்றார் அறுவை மருத்துவர்.

விலகாவிட்டால் என்று தையற்காரரின் மனைவி கேட்கவில்லை. கேட்காததாலேயே அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்து சமையலறையில் குடியேறிவிட்டது.

கதிர் எங்கே விழவேண்டும் என்பதற்கு அடையாளமாக நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சோப்பிடமிருந்தும் துண்டிடமிருந்தும் அவள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தாள். கணவரிடமிருந்தும் காக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. அடுத்த திங்கட்கிழமை, இயந்திர அறையில் வேலை பார்க்கும் பெண் வெளியே வந்தாள்.

"அம்மா, கோட்டை யாராவது தொட்டீங்களா? மிஷின் வெளிச்சம் கோட்டு மேல விழாம தள்ளி விழுது."

மனைவி உள்ளே ஓடினாள். மேசையில் படுத்திருந்தவர் திருட்டு முழி முழித்தார்.

"கோணலா இருந்துச்சும்மா," என்றார். "கண்ணாடில பாத்தா ஒரு பக்கம் ஏறி நிக்குது. மனசு கேக்கல. எண்ணெய் தொட்டு அழிச்சிட்டு, டேப்பு வெச்சு நேரா போட்டேன்."

"ஊரான் சட்டையெல்லாம் திருத்துனது பத்தலையா உங்களுக்கு?" என்றாள் அவள். கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஐயா, இது உங்களப் படுக்க வெச்சுப் போட்ட கோடு. குனிஞ்சு குனிஞ்சு தெச்சு உங்களுக்கு ஒரு தோள் எறங்கியிருக்கு. நின்னா கோணலாத்தான் தெரியும். படுத்தா நேராயிடும்."

மேசையில் விரித்த துணி வேறு, ஆள்மேல் ஏறிய துணி வேறு என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுப்பவர் தையற்காரர்தான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே நன்றாக ஆடத் தெரிந்தவருக்கே கூடம் கோணலாகிவிட்டது.

நல்லவேளை, கதிர் தப்பான இடத்தில் விழுவதற்குள் பிடித்துவிட்டார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதுக்கோடு போட்டார்கள். வீடு திரும்பியதும் அவள் பேனா, சாக்குக்கட்டி, டேப்பு எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கதிர்வீச்சு முடிந்து சில வாரம் கழித்து எடுத்த படத்தில் கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் குழாயை விட்டதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். அறுவை நாளன்று வெளியே பெஞ்சில் அவள் சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வந்தார். "விட்டுடுச்சும்மா. முழுசா எடுத்தாச்சு."

அவள் அழுதாள், நடுநடுவே சிரித்தாள்.

கட்டுப் பிரித்த அன்று தையற்காரர் கண்ணாடி முன் போய் நின்றார். நெஞ்சின் நடுவே இறங்கிய தையல், கீழே வர வர ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் புருவம் ஏறியது. அவள் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது.

"விடும்மா," என்றார் அவர். "படுத்தா நேராயிடும்."