இலவசமாய் வந்த இரண்டு காவல்காரர்கள்

1

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவில்லை. எழுத நினைத்தது வேறு: லாரியிலிருந்து டைல்ஸ் பெட்டி இறக்குகிற ஒருவன், என்னைப் போல ஒருவன், ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடல் பார்க்கக் கிளம்புகிறான். முதல் வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் எழும்பி, "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்றது. அவன் கடலுக்குப் போகவே இல்லை. அந்த எரிச்சலில் எழுதுவது இது. காகிதத்தில், பேனாவால். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு எழுத்து நாற்பது தாண்டித்தான் வந்தது. கொஞ்சம் மெதுவாக என்கூட வாருங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கணினிக்கு நோய் கண்ட அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது."

மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்துவிட்டேன். பிறகு:

"ஒரு வீட்டில் ஒரு கணினி, அதற்கு"

இதற்குமேல் நகரவில்லை. மூன்றாவது:

"என் மனைவி பொறுமைசாலி."

இதை அவளே எடுத்துப் படித்தாள். "யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கணினி அவளுடையது. அவள் வேலை செய்யாத நேரத்தில் நான் உட்காருவேன். அவளிடம் ஒரு எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது. கழுத்து விளிம்புக்குக் கொடி, தலையணை உறைக்குப் பறவை, எல்லாம் அவளே கணினியில் வரைந்தவை. அங்கிருந்துதான் மெஷினுக்குப் போகும். பல வருடத்து வரைபடங்கள். அவை இல்லையென்றால் அந்த மெஷின் வெறும் மேசை. வாடிக்கைக்காரி ஒருத்தி கொடுத்த பென் டிரைவைச் செருகிய மறுநாள்தான் சிவப்புக் கட்டம் வந்தது.

3

இனி மைத்துனன் வர வேண்டும். இவன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதனாக அல்ல, கதாபாத்திரமாக. கதைகளில் மைத்துனன் என்றால் போக்கிரியாகவோ கோமாளியாகவோ இருப்பான். இவன் ஒழுங்காக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். திட்டக்கூட வழியில்லை. போனில் கேட்டேன்.

"ஆன்டிவைரஸெல்லாம் காசு குடுத்து வாங்காதீங்க மாமா. ஃப்ரீயாவே நல்லது கெடைக்குது. ஏதாவது ஒண்ணப் போடுங்க."

"எதப் போடறது மாப்ள?"

"எதையாவது. எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிறவன் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துப் பார்க்கட்டும். சிறந்த இலவசப் பாதுகாப்பு எது என்று நான் இணையத்தில் தேடினேன். ஒரு பக்கம் பச்சை நிறச் சின்னம் போட்டதைச் சொன்னது. அடுத்த பக்கம் நீலச் சின்னத்தை. மூன்றாவது பக்கம், முதல் இரண்டையும் நம்பாதே என்றது. பச்சை என் மின்னஞ்சலைக் கேட்டது. நீலம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கூடவே ஒரு வானிலைப் பலகையையும் இரண்டு விளம்பரங்களையும் கொண்டுவந்து இறக்கியது.*

* "இலவசம்" என்பது பெரிய எழுத்தில் இருந்தது. "முதல் மாதத்துக்குச் சில வசதிகள் மட்டும்" என்பது சிறிய எழுத்தில். நான் சிறியதையும் படிப்பேன். எழுத்தைத் தாண்டிக் குதிக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் மனைவி சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிட்டாள்.

4

இரண்டையும் போட்டேன்.

சிரிக்க வேண்டாம். குடோனில் ஒரு ஆளுக்கு அசையாத பெட்டியை இரண்டு ஆளாகத் தூக்குவோம். நான் கண்ட உலகம் அது. "மற்ற பாதுகாப்பு மென்பொருளை நீக்கிவிட்டு நிறுவவும்" என்று நீலம் எழுதத்தான் செய்திருந்தது. படிக்கவும் செய்தேன். பக்கத்துக் கடைக்குப் போகாதே என்று எந்தக் கடைக்காரன்தான் சொல்ல மாட்டான் என்று விட்டுவிட்டேன்.

பச்சை நீலத்தைத் திருடன் என்றது. நீலம் பச்சையைத் திருடன் என்றது. [இங்கே ஒரு சண்டைக் காட்சி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் நடந்தது என்னவோ, ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கணினி செத்ததுபோல் நின்றது. அப்போது எடுத்த பேனா இது.] வட்டம் ஒருவழியாக நின்றதும் பச்சை ஒரு செய்தி சொன்னது: சந்தேகத்துக்குரிய கோப்புகளைப் பிடித்து அடைத்துவிட்டேன். அத்தனையும் அவளுடைய வரைபடங்கள். அவள் நகல் வைத்திருந்த இன்னொரு பென் டிரைவும் செருகியபடியே இருந்ததால், அதிலிருந்தவையும் உள்ளே போயின.

"என் பறவையெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்கு. பூட்டித்தான் வெச்சிருக்கு."

"யாரக் கேட்டுப் பூட்டுச்சு?"

"அது வந்து, பாதுகாப்புக்காக..."

"ரெண்டு நாயக் கொண்டாந்து வீட்டு ஆளக் கடிக்க விட்டுட்டு, பாதுகாப்பாம்."

மைத்துனன் வந்தான். பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"கம்ப்யூட்டர்லயே காவலுக்கு ஒண்ணு இருந்துச்சே மாமா. நீங்க வெளியாளக் கூட்டிட்டு வந்ததும் அது ஒதுங்கிக்கிச்சு."

"இத அன்னிக்கே போன்ல சொல்றதுக்கென்ன?"

"நீங்க அதக் கேக்கலையே."

அவனைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். முடியாது. அவள் கூடப்பிறந்தவன்.

5

நீலத்தை அவனே நீக்கிவிட்டான். இப்போது திரையில் பச்சை மட்டும் நின்று கேட்கிறது: மீட்கவா, அழிக்கவா? வாடிக்கைக்காரியின் பென் டிரைவில் வந்த சனியன் நிஜமாகவே வரைபடங்களில் ஒட்டியிருந்தால், மீட்டதும் மிச்சமிருப்பதும் சேர்ந்து போகும். அழித்தால் கணினி சுத்தம்; பறவைகள் கிடையாது. "ரிஸ்க்குதான் மாமா" என்றான் மைத்துனன். அதற்குள் எங்கோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டதாகப் போன் வந்து, போய்விட்டான்.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: மீட்டேன். எல்லாம் நலம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். [அவள் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை.]

இரண்டு: மீட்டேன். எல்லாம் போயிற்று. அவள் ஒரு வார்த்தை [இதற்குமேல் கை ஓடவில்லை.]

மூன்று: அழித்தேன். அவள் முதல் பறவையிலிருந்து மறுபடி வரையத் தொடங்கினாள். நான் பக்கத்தில் [பக்கத்தில் என்ன கிழித்தேன்? வரைவது அவள்தானே.]

அவள் மூன்றையும் படித்தாள்.

"மூணுலயும் நீங்கதான் அழுத்தறீங்க."

"கதை எழுதறவன் நான்தானே."

"கதை உங்களோடது. பறவை யாரோடது?"

இதற்கு நான் சொன்ன பதில்

"எந்திரிங்க."

எழுந்தேன். அவள் உட்கார்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். நான் கட்டில் ஓரத்தில் முழங்காலின்மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து திரை தெரியவில்லை. அவள் முதுகு தெரிகிறது. மவுஸைப் பிடித்திருக்கும் கையின் முழங்கை தெரிகிறது. அது இன்னும் அசையவில்லை.

நான் எட்டிப் பார்க்கப் போவதில்லை. உங்களுக்குப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாருங்கள்.